அழுகிறது பிழையில்லை, கணக்குத்தான் பிழை



இந்தக் கிழமை திரும்பவும் ஒக்டோபர் 5 வருகுது. என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கறுப்பு டேர்ட்டில்நெக் போட்டு, தாடையில் கை வைத்த அந்தப் படம். கீழே ஸ்டான்ஃபோர்ட் பேச்சிலிருந்து ஒரு வரி. மேலே "உலகத்தை மாற்றிய மனிதர்". லிங்க்ட்இன்னில் ஆயிரம் பேர் போடுவினம், எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் நாலு மாமாமார் போடுவினம். 2021இல், பத்தாவது ஆண்டு நினைவுக்கு, அப்பிள் கொம்பனி தன்ர இணையத்தள முகப்பையே ஓர் அஞ்சலிப் படமாக மாற்றியது. 2022இல் பைடன் அமெரிக்காவின் அதியுயர் குடிமக்கள் விருதை, இறந்து கிட்டத்தட்ட பதினொரு வருடம் கழித்து, அவருக்குக் கொடுத்தார். ஸ்டீவ் ஜொப்ஸின் செத்தவீடு இன்னும் முடியேல்லை.

எங்கட பக்கத்திலயும் ஒரு சடங்கு இருக்கு. "ஒரு பில்லியனர் குறைஞ்சது" என்று ஒரு மீம். மகளைத் தன் மகள் இல்லை என்று மறுத்தவர், வேலைக்காரரைக் கத்தித் திட்டினவர், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் கார் விட்டவர் என்று ஒரு பட்டியல். போட்டுவிட்டு, புரட்சிக்கு எங்கட பங்கைச் செய்தாச்சு என்ற திருப்தியோடு போனைப் பக்கத்தில் வைக்கிறம். அந்த போன் என்ன போன் என்று நான் கேக்கேல்லை.

நான் இரண்டு சடங்குக்கும் எதிராகத்தான் எழுதுறன். ஒருவரைக் கும்பிடுகிறதும் அதே ஒருவரைத் திட்டுகிறதும் ஒரே கதையைத்தான் சொல்லுது: எல்லாம் அந்த ஒருவரால்தான் நடந்தது. பெரிய முதலாளி ஒருவர் சாகும்போது நாங்கள் பேசுறது அவரைப் பற்றி மட்டும் இல்லை. இந்தப் பொருளைச் செய்தது யார், இந்தச் செல்வம் யாருடையது என்று ஊரறிய ஓர் உறுதி எழுதுறம். காணி உறுதி மாதிரி. அஞ்சலிக் கட்டுரைதான் அந்த உறுதி. அதில் யாருடைய பெயர் விடுபட்டுப் போகுது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருக்கவேணும்.

அந்த ஒரு நாள்

2011 ஒக்டோபர் 5, புதன்கிழமை. "நாங்கள் 99 வீதம்" என்று நியூ யோர்க்கில் சுக்கொட்டி பூங்காவை ஆக்கிரமித்து இளைஞர்கள் உட்கார்ந்து மூன்றாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. அன்று பின்னேரம்தான் தொழிற்சங்கங்கள் முதல்தடவையாகப் பெரிய அளவில் அவர்களோடு சேர்ந்தன. போக்குவரத்துத் தொழிலாளர்கள், தாதிமார், ஆசிரியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஃபோலி சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக வந்தார்கள். அமெரிக்க இடதுசாரிகளுக்கு அப்படி ஒரு நாள் வந்து கனகாலம்.

அதே இரவு ஜொப்ஸ் இறந்த செய்தி வந்தது. வயது 56. கணையத்தில் வந்த ஒரு வகைப் புற்றுநோய். சில மணித்தியாலங்களில் அப்பிள் கடை வாசல்களில் பூ, மெழுகுதிரி, ஒரு கடி கடித்த அப்பிள் பழங்கள். கண்ணாடிச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன நிறக் கடதாசிகளில் நன்றி. நியூ யோர்க்கில் மட்டும் இல்லை, லண்டன், பெய்ஜிங், ஷங்காய், ஹொங்கொங் எல்லா இடத்திலும். நியூ யோர்க் மேயர் புளூம்பேர்க் எடிசனோடும் ஐன்ஸ்டைனோடும் சேர்த்து அவரை நினைவுகூரச் சொன்னார். கலிஃபோர்னியா ஆளுநர் ஒக்டோபர் 16ஐ ஸ்டீவ் ஜொப்ஸ் நாள் என்று அறிவித்தார். அந்த வருடம் முடியிறதுக்குள்ள புடாபெஸ்டில் ஒரு வெண்கலச் சிலையே எழும்பிவிட்டது.

இதில அரசியலுக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. 1 வீதத்துக்கு எதிராக ஒரு தலைமுறை எழும்பின அதே நாளில், ஏறத்தாழ 7 பில்லியன் டொலர் சொத்தோடு செத்த ஒருவருக்கு அதே தலைமுறை அழுதது. ஏன் என்று கேட்டால் வந்த பதில் இதுதான்: வங்கிக்காரர் ஒன்றையும் செய்யேல்லை, சூதாடினவை. இவர் ஒரு பொருளைச் செய்தவர். அதால இவர் நல்ல பில்லியனர்.

நாங்கள் உடைக்க வேண்டியது இந்த "நல்ல பில்லியனர்" வாதத்தை. ஆளின் குணத்தைப் பற்றிக் கதைச்சு அதை உடைக்கேலாது. நல்ல குணமுள்ள ஒருவரைக் கொண்டுவந்து காட்டினால் அப்ப என்ன செய்வீங்கள்?

அதனால அவருடைய கோபத்தை விட்டுவிட்டு வேலை முறையைப் பார்ப்பம். சிலிக்கன் பள்ளத்தாக்கின் பெரிய கொம்பனிகள் ஒன்றின் பொறியியலாளரை மற்றது கூப்பிடுவதில்லை என்று இரகசியமாக ஒப்பந்தம் செய்து வைத்திருந்தன. கூப்பிட ஆளில்லை என்றால் சம்பளம் ஏறாது. 2007இல் கூகிளின் ஆட்சேர்ப்பு ஊழியர் ஒருவர் அப்பிள் பொறியியலாளர் ஒருவரைத் தொடர்புகொண்டார். ஜொப்ஸ் நேரே கூகிள் தலைவர் எரிக் ஷ்மிட்டுக்கு முறையிட்டார். அந்த ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று பதில் வந்தது. அதை ஜொப்ஸ் தன் கொம்பனிக்குள் அனுப்பும்போது சேர்த்தது ஒரேயொரு சிரிப்புக் குறி. நீதிமன்றத்துக்கு வந்த மின்னஞ்சல் இது. 64,000 தொழில்நுட்ப ஊழியர்கள் போட்ட வழக்கில் அப்பிள், கூகிள், இன்டெல், அடோபி நாலும் சேர்ந்து 415 மில்லியன் டொலர் கட்டித்தான் 2015இல் முடித்தார்கள்.

வரியும் அப்படித்தான். அயர்லாந்து வழியாக அப்பிள் கட்டாமல் விட்ட வரி 13 பில்லியன் யூரோ என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் தீர்ப்புச் சொன்னது. 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வங்கிக்காரர் ஒரு உலகம், இவர் வேறொரு உலகம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் முன்னால வையுங்கோ. அதுக்குப் பிறகு கதைப்பம்.

"கண்டுபிடித்தவர்"

அன்றைக்கு ஒபாமா விட்ட அறிக்கையின் கருத்து இது: உலகத்தின் பெரும்பகுதி இந்த மரணச் செய்தியை அவர் கண்டுபிடித்த கருவியிலேயே தெரிந்துகொண்டது, அதைவிடப் பெரிய அஞ்சலி இருக்காது. அழகான வசனம். உள்ளே இருக்கிற கணக்குத்தான் பொய்.

அந்தக் கருவியைக் கழட்டிப் பாருங்கோ. இணையம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பணத்தில் வளர்ந்தது. இடம் காட்டுற ஜிபிஎஸ், அமெரிக்க இராணுவத்தினுடையது. இரண்டு விரலால் விரிக்கிற தொடுதிரை, டெலவெயர் பல்கலைக்கழகத்தில் அரச ஆராய்ச்சி நிதியோடு தொடங்கின வேலை. அதிலிருந்து வந்த சின்னக் கொம்பனியை அப்பிள் 2005இல் வாங்கியது. சிரி, பாதுகாப்புத் துறை காசு போட்ட ஓர் ஆய்வுத் திட்டத்தின் பிள்ளை. மவுஸ் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. சாளரமும் சின்னமும் உள்ள திரையை ஜொப்ஸ் 1979இல் ஸெரொக்ஸின் ஆராய்ச்சி மையத்துக்குப் போய்ப் பார்த்தவர். பொருளியலாளர் மரியானா மசுக்காட்டோ 2013இல் இதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கு அரசாங்கம் செய்ததில் பெருமை. எனக்கு அந்தப் பெருமை இல்லை, ஏனென்றால் அந்தப் பொதுப்பணத்தின் பெரும்பகுதி போருக்கான கதவால வந்தது. ஆனால் ஒன்று சரி: ஆபத்தை ஊர் சுமந்தது, இலாபத்தை ஒரு கொம்பனி எடுத்தது.

ஜொப்ஸ் இறந்து ஒரு கிழமையில் டெனிஸ் ரிச்சியின் மரணச் செய்தி வந்தது. சி மொழியை உருவாக்கியவர், கென் தொம்சனோடு சேர்ந்து யுனிக்ஸைக் கட்டியவர். மக்கிலும் ஐபோனிலும் ஓடுற இயக்கமுறைமையின் வேர் யுனிக்ஸில்தான் இருக்கு. அவருக்கு யாரும் கடை வாசலில் பூ வைக்கேல்லை. உடனே கணினி படித்தவர்கள் மத்தியில் ஒரு கோபம் கிளம்பியது: உண்மையான மேதை இவர்தான், விற்பனைக்காரருக்கு ஏன் அழுறீங்கள்?

கோபம் நியாயம். ஆனால் அந்த வாதத்துக்குள்ளயும் அதே பொறிதான். ஒரு மேதையை இறக்கிவிட்டு அதே பீடத்தில் இன்னொரு மேதையை ஏற்றுறது. ரிச்சி தனியாகவா வேலை செய்தவர்? பெல் ஆய்வுக்கூடத்தில் அவரோடு ஒரு கூட்டமே இருந்தது. அந்தக் கூடத்துக்குக் காசு வந்தது தொலைபேசியில் தனியுரிமை வைத்திருந்த ஏரி அண்ட் ரி கொம்பனியிடமிருந்து. அதாவது அமெரிக்காவில் போன் பில் கட்டின ஒவ்வொரு வீட்டிலிருந்தும். பீடத்தை உடைக்கிறதுதான் எங்கட வேலை. ஆள் மாற்றுறது இல்லை.

"அப்ப ஜொப்ஸ் ஒன்றுமே செய்யேல்லையா?" என்று கேக்கிறவை இருக்கினம். செய்தவர். 1997இல் அப்பிள் திவாலாகிற நிலைமையில் இருக்கும்போது திரும்பி வந்து, தேவையில்லாத பொருட்களை வெட்டி, நல்லது எது என்று தெரிவுசெய்து, நூற்றுக்கணக்கான ஆக்களை ஒரு திசையில் ஓடவைச்சவர். அது வேலைதான், கஷ்டமான வேலையும்தான். இதை மறுக்கிற இடதுசாரி எழுத்து யாரையும் நம்பவைக்காது. மார்க்ஸே இசைக்குழு நடத்துநரின் உதாரணத்தைச் சொல்லி, வழிநடத்துறது ஒரு உழைப்பு, உடைமை வேறொரு விஷயம் என்று பிரித்தவர்தானே. நடத்துநருக்குக் கைதட்டலாம். வயலின்கள் எல்லாம் அவருடையவை என்று எழுதிக் கொடுக்கிறது எதுக்கு?

கண்ணாடித் திரை

அஞ்சலிகளில் திரும்பத் திரும்ப வந்த சொல் அவருடைய கச்சிதம். மில்லிமீற்றர் பிசகினாலும் விடமாட்டாராம். அதுக்கு உதாரணமாக எல்லாரும் சொல்லுற கதை ஐபோனின் கண்ணாடித் திரை. 2007இல், கடைக்கு வர சில கிழமைகளே இருக்கும்போது, பிளாஸ்டிக் திரை கீறுது என்று கண்டு, கண்ணாடிதான் வேணும் என்று பிடிவாதமாக நின்றாராம்.

கதையின் மற்றப் பாதியை நியூ யோர்க் டைம்ஸ் 2012 ஜனவரியில் எழுதியது. அந்தப் புதுக் கண்ணாடித் திரைகள் சீனாவில் உள்ள தொழிற்சாலைக்கு நடுச்சாமத்தில் வந்து சேர்ந்தன. விடுதியில் படுத்திருந்த 8,000 தொழிலாளர்களை எழுப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் ஒரு கோப்பை தேநீரும் கொடுத்து, அரைமணித்தியாலத்துக்குள் 12 மணித்தியால வேலையில் இறக்கினார்கள். அப்பிளின் முன்னாள் நிர்வாகி ஒருவர் இதைச் சொன்னது குறையாக இல்லை, வியந்து. இந்த வேகம் அமெரிக்காவில் கிடைக்காது என்பது அவருடைய வாதம்.

ஒருவரின் கச்சிதம், எட்டாயிரம் பேரின் நித்திரை. இரண்டும் ஒரே பொருளின் விலை. அஞ்சலியில் முதலாவதை மட்டும்தான் வாசிச்சம்.

அதே பத்திரிகை இன்னொன்றும் எழுதியது. 2011 பெப்ரவரியில் ஒரு விருந்தில், ஐபோனை அமெரிக்காவில் செய்ய என்ன தேவை என்று ஒபாமா ஜொப்ஸிடமே கேட்டார். அந்த வேலைகள் திரும்பி வராது என்று ஜொப்ஸ் சொன்னார். அதாவது "அவர் கண்டுபிடித்த கருவி" என்று எழுதும்போது, அதைச் செய்யிற கைகள் எங்க இருக்கு என்று ஒபாமாவுக்கு நல்லாத் தெரியும்.

2010இல் ஷென்சென் நகரத்தின் ஃபொக்ஸ்கொன் ஆலைகளைச் சுற்றி நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே வருடத்தில் 14 இளம் தொழிலாளர்கள் தங்கட உயிரை எடுத்துக்கொண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அந்த ஜூனில் ஒரு மேடையில் இதைப் பற்றிக் கேட்டபோது ஜொப்ஸ், அது கசக்கிப் பிழியிற ஆலை இல்லை, உணவகம், சினிமா, ஆஸ்பத்திரி, நீச்சல் தடாகம் எல்லாம் இருக்கு என்றார். தற்கொலை வீதம் அமெரிக்காவின் வீதத்தைவிடக் குறைவு என்றும் கணக்குச் சொன்னார்.

சுஜோ நகரத்தில் வின்ரெக் என்ற கொம்பனியின் ஆலை. திரைகளைத் துடைக்க மதுசாரத்துக்குப் பதிலாக என்-ஹெக்ஸேன் பாவித்தார்கள், கெதியாகக் காயும் என்பதால். அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை அப்பிளே 2011 பெப்ரவரியில் தன் அறிக்கையில் ஒத்துக்கொண்டது. கைகால் விறைத்துப்போன அந்தத் தொழிலாளர்களில் சிலர் ஸ்டீவ் ஜொப்ஸுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார்கள். அவர் அப்போது மருத்துவ விடுப்பில் இருந்தார், அதையும் நியாயமாகச் சொல்லவேணும். ஆனால் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலுக்கு அவரே ஒற்றை வரியில் பதில் போடுவார் என்பது அஞ்சலிகளில் எல்லாரும் உருகி எழுதின விஷயம். தொழிலாளர் எழுதின கடிதத்தை அந்த அஞ்சலிகளில் நீங்கள் எங்கயாவது வாசிச்சனீங்களா?

2011 மே 20, செங்டு. ஐபாட் பெட்டிகளை மினுக்குற இடத்தில் அலுமினியத் தூசு வெடித்தது. நாலு பேர் இறந்தார்கள். அந்தப் பளபளப்பைக் கையால தடவிப் பார்த்து "என்ன அழகு" என்று சொல்லாத ஆள் இல்லை.

இன்னொரு பெயர் சொல்லுறன், இதை ஞாபகம் வைச்சிருங்கோ. சூ லிட்சி. குவாங்டொங் மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஷென்சென் ஃபொக்ஸ்கொன்னுக்கு வேலைக்கு வந்தவர். பகலும் இரவும் அந்த வரிசையில் நின்றுகொண்டே கவிதை எழுதினவர். 2014 செப்டெம்பர் 30 தன் உயிரை எடுத்தார். வயது 24. அவர் செத்த பிறகு நண்பர்கள் ஊரிடம் காசு சேர்த்து அவருடைய கவிதைகளைப் புத்தகமாக்கினார்கள். செப்டெம்பர் 30, ஒக்டோபர் 5. நாட்காட்டியில் இடையில் ஐந்து நாள்தான். ஒவ்வொரு வருடமும் நாங்கள் முதல் நாளைத் தாண்டிப்போய் இரண்டாவதில் நிக்கிறம்.

"புலம்பெயர்ந்தவரின் மகன்"

இனி எங்கட வீட்டுக் கதை. ஜொப்ஸைப் பெற்ற தகப்பன் அப்துல்ஃபத்தா ஜண்டாலி, சிரியாவின் ஹொம்ஸ் ஊர்க்காரர். 2015 டிசெம்பரில், சிரிய அகதிகளுக்கு ஐரோப்பா கதவடைச்ச நேரம், பாங்க்ஸி கலேயின் அகதி முகாமில் ஒரு சுவரோவியம் வரைந்தார். தோளில் மூட்டை, கையில் பழைய மக்கின்டோஷ், ஜொப்ஸ். ஒரு ஹொம்ஸ் இளைஞனை உள்ளே விட்டபடியால்தான் அப்பிள் இருக்கு, அது இவ்வளவு வரி கட்டுது என்பது செய்தி. எங்கட ஆக்கள் அதைப் பகிர்ந்த வேகம் சொல்லி வேலையில்லை. "பாத்தீங்களா, நாங்களும் உங்களுக்குப் பிரயோசனம்தான்."

முதலில், கதையே பிழை. ஜண்டாலி அகதி இல்லை, வசதியான வீட்டுப் பிள்ளை, படிக்கப் போனவர். மகனை அவர் வளர்க்கவும் இல்லை. வளர்த்தது போல் ஜொப்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளியும் கிளாரா என்ற கணக்குப் பதிவாளரும். உண்மையான அகதிக் கதை அந்தக் கிளாராவிடம் இருக்கு: ஆர்மேனியாவிலிருந்து உயிர் தப்பி வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அவரை வைத்து யாரும் சுவரோவியம் வரையேல்லை. பிள்ளை வளர்த்த ஒரு சாதாரணப் பெண், வேறென்ன.

ஆனால் பெரிய பிழை தர்க்கத்தில். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 ஈழத்தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரைக்கு வந்தபோது கனடா அரசு என்ன செய்தது? பயங்கரவாதிகள் என்ற சந்தேகத்தைக் கிளப்பி, குழந்தைகளையும் சேர்த்து மாதக்கணக்கில் அடைச்சது. அந்த 492 பேரில் யாருக்குமே ஒரு கொம்பனி தொடங்குற எண்ணம் இல்லை என்று வையுங்கோ. அவர்களுக்குள் வருங்கால மேதை ஒருவரும் இல்லை. எல்லாரும் வந்து பேக்கரியில், சுத்திகரிப்பில், டாக்ஸியில் வேலை செய்து கிழவராகிச் செத்துப்போவினம். அப்ப அவர்களுக்கு இறங்க உரிமை இல்லையா?

"நாங்கள் பிரயோசனம்" என்று வாதாடுற ஒவ்வொரு தடவையும், பிரயோசனமில்லாத ஆளைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒத்துக்கொள்ளுறம். எங்கட அம்மா அப்பாமாரில் பலர் எந்த இலாபமும் உறுதி கொடுக்காமல்தான் வந்து இறங்கினவை. அகதியாக வந்த ஒருவருக்கு வாழ்வுரிமை தேட, ஒரு பில்லியனரின் மரணத்திலிருந்து நற்சான்றிதழ் வாங்கத் தேவையில்லை.

சுங்குவார்சத்திரம்

இப்ப புதுப் பெருமை ஒன்று வந்திருக்கு: ஐபோன் தமிழ்நாட்டில் செய்யப்படுது. உண்மை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபொக்ஸ்கொன் ஆலையில் 2019இலிருந்து ஐபோன் பூட்டுகிறார்கள். செய்யிறவர்களில் பெரும்பாலானோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். ஷென்சென் கதையை வேறொரு நாட்டுக் கதையாக வாசிக்கிற வசதி எங்களுக்கு இனி இல்லை.

2021 டிசெம்பரில் அந்தப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றின் சாப்பாட்டால் 250 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில். தரையில் படுக்கை, நெரிசலான அறைகள், தண்ணி வராத கழிவறைகள் என்று பிறகு செய்திகள் வந்தன. மாதச் சம்பளம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியது. அவர்கள் செய்தது என்ன? சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். இரவு முழுக்க வாகனம் ஓடேல்லை. பொலிஸ் பலரைப் பிடித்தது. ஆனால் ஆலை மூடினது, மூன்று நாலு கிழமைக்குப் பிறகுதான் திறந்தது. விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தன் தரத்துக்கு இல்லை என்று அப்பிள் பகிரங்கமாக ஒத்துக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. வின்ரெக் தொழிலாளர் கடிதம் எழுதினார்கள். இவர்கள் ரோட்டை மறித்தார்கள். எது கேட்டது என்று பாருங்கோ.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணித்தியால வேலைக்கு வழிவிடுற திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 2024இல் அதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கிற உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அடுத்த ஜனவரியில் சங்கம் பதிவானது. அதே 2024 ஜூனில், ஐபோன் ஆலையில் கலியாணம் கட்டின பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினதை ரொய்ட்டர்ஸ் அம்பலப்படுத்தியது. முன்னேற்றமும் அடியும் ஒரே வருடத்தில், ஒரே தாலுகாவில்.

"ஐபோன் எங்கட ஊரில செய்யினம்" என்று மாமா பெருமைப்பட்டால் மறுக்காதேங்கோ. "ஓம் மாமா, ஆரு செய்யினம்? எவ்வளவு சம்பளம்? சங்கம் இருக்கோ?" என்று கேளுங்கோ. அந்தப் பெருமைக்கு ஒரு முகவரி குடுங்கோ.

அப்ப என்ன செய்யிறது?

இன்னும் கன தொழில்நுட்ப முதலாளிமார் எங்கட காலத்தில் சாவினம். ஒவ்வொரு முறையும் இதே நாடகம் நடக்கும். அதுக்கு இப்பவே ஆயத்தமாக இருப்பம்.

முதலாவது, கொண்டாட்ட மீம் வேண்டாம். செத்தவரை மதிக்கவேணும் என்ற ஒழுக்கப் பாடம் இல்லை இது. புற்றுநோயால ஒருவர் செத்ததில் எங்களுக்கு எந்த வெற்றியும் இல்லை. அவர் போன அடுத்த நாளும் அப்பிள் அதே விலைக்கு அதே ஆலையில் அதே போனைச் செய்தது. கட்டிக்காக்கிறது ஆள் இல்லை, உடைமை உறவு என்பதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்? அதோட, அழுத ஆக்களை நக்கலடிச்சு ஒருவரையும் எங்கட பக்கம் எடுக்கேலாது. தன்ர முதல் கொம்பியூட்டரில் முதல் பாட்டுப் போட்ட சந்தோசத்துக்காக ஒரு பிள்ளை அழுதால், அது உண்மையான சந்தோசம். அந்தச் சந்தோசத்தை ஆயிரம் கைகள் செய்து குடுத்தன என்று சொல்லிப் பாருங்கோ, கேக்கும்.

இரண்டாவது, "செத்தவரைப் பற்றிக் கதைக்கக்கூடாது" என்று வாயை மூடவைக்க விடாதேங்கோ. தமிழில் அப்படி ஒரு விதி இல்லை. எங்கட ஒப்பாரியையே பாருங்கோ. பிணத்தைச் சுற்றி இருந்து மாரடிக்கிற பெண்கள் புகழ்ச்சி மட்டுமா பாடுறவை? சொத்தை எடுத்த அண்ணன்மார், கஞ்சி ஊத்தாத மருமகள், கைவிட்டுப் போன மனிசன் எல்லாரும் அந்த இடத்தில வைச்சே கேள்வி கேக்கப்படுவினம். ஊர் கூடின நேரம்தான் கணக்குக் கேக்கிற நேரம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒப்பாரியில் துக்கமும் வழக்கும் ஒன்றாகவே இருக்கு.

மூன்றாவது, விடுபட்ட பெயர்களை நாங்களே எழுதுவம். பெரிய மரணம் ஒன்று வரும்போது எங்கட மடலில், எங்கட பல்கலைக்கழகச் சங்கப் பக்கங்களில், குடும்பக் குழுக்களில் கூட, அந்தப் பொருளைச் செய்த ஆக்களைப் பற்றி ஒரு பந்தியாவது போகவேணும். எந்த ஆலை, என்ன சம்பளம், சங்கம் உண்டா இல்லையா. எங்களில் இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இதில் விசேஷ கடமை இருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்கள் தமிழில்தான் பேட்டி குடுக்கினம். அந்தப் போன் விற்கிற ஊர்களில் அதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கொண்டுபோக எங்களைவிட யார் இருக்கினம்?

நாலாவது, நாங்கள் படிக்கிற இடங்கள் நூற்றுக்கணக்கில் மடிக்கணினியும் டப்லெட்டும் வாங்குது. வாங்குறதுக்கான ஒப்பந்தத்தில் சங்கம் வைக்கிற உரிமையை நிபந்தனையாகக் கேக்கலாம். மாணவர் சங்கமும் ஊழியர் சங்கமும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லத்தான் வேணும். தனிமனித புறக்கணிப்பைவிட இது பெறுமதி. உங்கட கையில இருக்கிற போனைத் தூக்கி எறியச் சொல்லி நான் கேக்கேல்லை, அது யாருக்கும் உதவாது.

இந்த ஒக்டோபர் 5க்கு யாராவது ஸ்டான்ஃபோர்ட் பேச்சை அனுப்பினால், "விருப்பமான வேலையைத் தேடு, கிடைக்கும்வரை அடங்காதே" என்று அதில் வருகிற அறிவுரையை நடுச்சாமத்தில் எழுப்பப்பட்ட அந்த 8,000 பேருக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று திருப்பிக் கேளுங்கோ. சண்டை பிடிக்கத் தேவையில்லை. கேட்டுப்போட்டு, சூ லிட்சியின் பெயரை அனுப்புங்கோ. சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் நெடுஞ்சாலையில் இருந்த படத்தை அனுப்புங்கோ.

தோழமையுடன்.